சிவாஜியை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பயில்வது: கேள்வி பதில்

நாடகமும் அரங்கியலும் படிக்கும் பிள்ளைகளும், பழைய படங்களை விடாமல் பார்க்கும் பெரியவர்களும் சிவாஜி கணேசனைப் பற்றிக் கேட்டவை இவை. சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

மாஸ்டர், உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கிறன். கட்டபொம்மன் வசனம் பேசத் தந்திருக்கினம். நடுவிலை மூச்சு முட்டுது. சிவாஜி உவ்வளவையும் எப்பிடி ஒரே மூச்சிலை பேசினவர்? (கோண்டாவில்)

ஒரே மூச்சில் பேசவில்லை, தம்பி. அப்படிப் பேசுவதாக எங்களுக்குக் கேட்கிறது. மூச்சு எடுக்கும் இடத்தை அவர் மறைத்துவிடுகிறார், அதிலேதான் வித்தை இருக்கிறது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பாரும். தலையைத் திருப்பும்போதும், ஓர் அடி முன்னால் வைக்கும்போதும், சிரிப்பு ஒன்றை உதிர்க்கும்போதும் மூச்சு உள்ளே போகும். நாங்கள் அதை நடிப்பென்று பார்த்துக்கொண்டிருப்போம்.

நீர் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வசனத்தை உடனே பாடமாக்க வேண்டாம். ஒரு தாளில் வரிக்கு ஒரு வினைமுற்று வருகிற மாதிரிப் பிரித்து எழுதும். தமிழ் வசனத்தில் பொருள் முடிகிற இடம் கடைசியில் வரும் வினை. மூச்சுத் தீர்ந்துபோகிற இடமும் அதுவே. அதனால்தான் மாணவர்கள் பேசும்போது முதல் பாதி முழங்கும், கடைசிச் சொல் வாய்க்குள்ளே கரைந்துபோகும், மண்டபத்தின் பின்வரிசைக்கு ஒன்றுமே விளங்காது. சிவாஜி கடைசி வினையை ஒருபோதும் விழவிடமாட்டார். அந்தச் சொல்லுக்கென்று கொஞ்சம் மூச்சை மிச்சம் பிடித்து வைத்திருப்பார்.

தாளில் பென்சிலால் இரண்டு வகைக் கோடு போடும். ஒற்றைக் கோடு என்றால் நிறுத்தம் மட்டும், மூச்சு எடுப்பதில்லை. இரட்டைக் கோடு என்றால் மூச்சு. ஒரு மூச்சுக்கு 12 சொல்லுக்கு மேல் வைக்காதேயும். மூச்சு எடுக்கும்போது தோள் மேலே எழும்பினால் அது நெஞ்சின் மேற்பகுதி மூச்சு, இரண்டு வரியிலேயே தீர்ந்துவிடும். விலாவின் அடியில் இரண்டு கையையும் வைத்துப் பாரும், மூச்சு எடுக்கையில் கை வெளியே தள்ளப்பட வேண்டும்.

அடுத்தது சுருதி. வசனத்தை மூன்று படியாகப் பிரியும். முதல் படி சாதாரணமாகக் கதைக்கிற குரல். இரண்டாவதில் வேகம் மட்டும் கூட வேண்டும், சத்தம் அப்படியே இருக்கட்டும். மூன்றாவதில்தான் சத்தம். முதல் வரியிலேயே உச்சத்துக்குப் போனால் பிறகு ஏற இடமில்லை. ஜாக்சன் துரையுடனான காட்சியில் அவர் தொடங்கும் இடம் எவ்வளவு அமைதியானது என்று கவனித்தால் இது விளங்கும். பாடசாலை மண்டபத்தில் மைக் தந்தால் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியும். உச்சத்துக்கு வரும்போது முகத்தைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பாவிட்டால் குரல் உடைந்து இரையும்.

அந்த வேடம் திரைக்கு வரும்முன் மேடையில் பழுத்தது என்பதையும் மறக்க வேண்டாம். சக்தி டி.கே. கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தை 1957 முதல் சிவாஜி நாடக மன்றம் மேடையேற்றியது, பி.ஆர். பந்துலுவின் படம் 1959 மே 16இல் வந்தது. ஒவ்வொரு மூச்சும் சபையின் முன்னால் சோதித்துப் பார்த்த மூச்சு. உமக்கும் ஒரு கிழமைப் பயிற்சி போதாது.

அதே வசனந்தான் எனக்கும். நான் பேசினா இந்தியத் தமிழ் மாதிரி இருக்கெண்டு சிரிக்கினம். அவரின்ரை உச்சரிப்பிலைதானே பேசவேணும்? (காரைநகர்)

தேவையில்லை, பிள்ளை. அவரிடமிருந்து எடுக்க வேண்டியவை மூச்சும் தாளமும் படியேற்றமும். குரலையும் உச்சரிப்பையும் எடுத்தால் அது மிமிக்ரி ஆகிவிடும், புள்ளியும் குறையும். ‘வெற்றி’, ‘குற்றம்’ போன்ற சொற்களில் வரும் ‘ற்ற’வை யாழ்ப்பாணத்தில் நுனிநாக்கால் பிரித்துத் துல்லியமாகச் சொல்லுகிறோம். வீரவசனத்துக்கு அதைவிட நல்ல ஆயுதம் இல்லை, அதைக் கைவிட வேண்டாம். ல, ள, ழ மூன்றையும் அவர் எவ்வளவு சுத்தமாகப் பிரிக்கிறார் என்பதை மட்டும் காதுகொடுத்துக் கேளும்.

ஐயா, என்ரை பிள்ளையள் சிவாஜி படம் போட்டால் ‘ஓவர் அக்ரிங்’ எண்டு எழும்பிப் போகினம். என்ன பதில் சொல்லுறது? (சாவகச்சேரி)

பிள்ளைகள் அப்படிப் பார்ப்பது தப்பில்லை. எந்தப் படத்தை முதலில் போட்டீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர் சிறுவயதிலேயே நாடகக் கம்பனியில் சேர்ந்தவர். யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பனியில் சீதை முதலிய பெண்வேடம் உட்படப் பல வேடம் கட்டினார். ஒலிபெருக்கியை நம்பி வளர்ந்த அரங்கல்ல அது. கடைசி வரிசையில் மண்ணில் குந்தியிருக்கிறவருக்குக் கண்ணசைவு தெரியாது, புருவமும் கையும் தோளும் சேர்ந்து அசைந்தால்தான் செய்தி போய்ச்சேரும். எங்கள் ஊரில் நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரண்டும் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக மரபில் கிளைத்தவை.

ஆனால் மேடை மட்டும்தான் அவருக்குத் தெரியும் என்று சொன்னால் அது பிழை. முதற்படம் ‘பராசக்தி’ 1952இல் வந்தது. இரண்டு வருடத்தில், 1954இல், எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ வந்துவிட்டது. அதில் பாட்டே கிடையாது. துரோகியான ஒரு ரேடியோ என்ஜினியராக அவர் தாழ்ந்த குரலில், குறைந்த அசைவில் நடித்திருக்கிறார். அடக்கி நடிக்கத் தெரியாதவர் என்றால் அந்தப் படம் எங்கிருந்து வந்தது? ஏ.பி. நாகராஜனின் புராணப் படங்களில் காட்சி மேடைபோலவே அமைந்து, கமராவும் எதிரே நிற்கும். அங்கே முழு உடம்பாலும் நடிப்பார். முகம் மட்டும் நிறைந்த சட்டகத்தில் கண்ணை மட்டும் அசைப்பார். சட்டகத்தின் அளவுக்கு நடிப்பின் அளவை வெட்டித் தைக்கிறவர் அவர்.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. எழுபதுகளின் பிற்பகுதியிலும் எண்பதுகளிலும் கதை மெலிந்த படங்கள் பல வந்தன. எழுத்தில் இல்லாத கனத்தை நடிப்பால் நிரப்பப் போய், அழுகையும் ஆவேசமும் அளவு மீறின. பிள்ளைகள் பார்த்தது அவற்றில் ஒன்றாக இருக்கலாம். 1985இல் பாரதிராஜாவின் ‘முதல் மரியாதை’யில் அதே மனிதர் ஒரு பெருமூச்சில் ஒரு வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறார். நல்ல எழுத்தும் பிடித்து நிறுத்துகிற இயக்குநரும் கிடைத்தபோதெல்லாம் அவர் அளவு தவறியதில்லை. ‘ஓவர்’ என்ற ஒற்றைச் சொல்லால் இத்தனை வருட உழைப்பைத் தள்ளுவது அநியாயம் என்பதை நான் எங்கேயும் சொல்லுவேன்.

எம்.ஜி.ஆரும் சிவாஜியும் சேர்ந்து நடிச்ச படம் எத்தினை? (அரியாலை)

ஒன்றே ஒன்று. ரி.ஆர். ராமண்ணா இயக்கிய ‘கூண்டுக்கிளி’, 1954.

‘தில்லானா மோகனாம்பாள்’ படத்திலை அவர் உண்மையாவே நாதஸ்வரம் வாசிச்சவரோ? எங்கட கோயில் மேளகாரர் ஆக்களே பிழை பிடிக்க ஏலாது எண்டு சொல்லினம். (இணுவில்)

வாசிக்கவில்லை. வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர்கள். படம் 1968, இசை கே.வி. மகாதேவன், மூலக்கதை கொத்தமங்கலம் சுப்பு ஆனந்த விகடனில் எழுதிய தொடர். ஆனால் இணுவிலிலிருந்து இந்தக் கேள்வி வருவதே அவருக்குப் பெரிய பட்டம். தவில் தட்சணாமூர்த்தியின் மண்ணில் மேளத்தைப் பொய்யாகக் காட்டி யாரும் தப்ப முடியாது.

பிழை ஏன் தெரியவில்லை என்று பார்ப்போம். நாதஸ்வரத்தில் விரல் ஓடும் துளை ஏழு. மேலே இடது கையின் மூன்று விரல், கீழே வலது கையின் நான்கு விரல். அடியில் இருக்கும் மற்ற ஐந்தும் சுருதியைச் சரிசெய்யும் துளை, மெழுகு வைத்து அடைக்கிறவை, அங்கே விரல் போகாது. சும்மா நடிக்கிறவர்கள் பத்து விரலையும் எல்லாத் துளையிலும் ஓட்டுவார்கள். அங்கேயே பிடிபட்டுவிடும். இரண்டாவது, கன்னம். எல்லா நேரமும் கன்னத்தை ஊதி வைத்திருப்பது பொய்யின் அடையாளம். சீவாளியை (வாயில் வைத்து ஊதும் நாக்கு) உதடு இறுக்குவதும் தளர்த்துவதும்தான் கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, அப்போது கழுத்து நரம்பும் தாடையும் மாறிக்கொண்டே இருக்கும். சிவாஜியின் கழுத்தைப் பாருங்கள், சுரத்தை நிறுத்தி இழுக்கும் நீண்ட கார்வையில் நரம்பு மெல்ல மெல்லப் புடைத்து வரும். மூன்றாவது, சொற்றொடர் முடிந்து மூச்சு எடுக்கும் இடம். நான்காவது, தாளக்கட்டை முடிக்கும் தீர்மானம் வரும்போது கண் தவிலுக்குப் போக வேண்டும். ரி.எஸ். பாலையாவின் தவிலோடும் ஏ.வி.எம். ராஜனின் இரண்டாவது நாதஸ்வரத்தோடும் அவர் கண்ணால் கதைத்துக்கொண்டே இருக்கிறார். ஒரு மேளக்கச்சேரியில் உண்மையில் நடப்பதும் அதுதான்.

பாடசாலை நாடகத்துக்கு இதைச் செய்ய விரும்பினால், எடுத்த எடுப்பில் வாத்தியத்தைத் தூக்க வேண்டாம். 30 செக்கன் துண்டு ஒன்றை எடுத்து, குறைந்தது இருபது முறை கேட்டு, வாயால் பாடிப் பழகுங்கள். பாட வராததை வாசிப்பதுபோல நடிக்க முடியாது. பிறகு உண்மையான வாத்தியத்தை, அதன் பாரத்தோடு, பிடித்து நிற்கப் பழகுங்கள். ஏறத்தாழ மூன்றடி நீளமான மரம் அது. காகிதத்தில் செய்த பொய் வாத்தியம் கையில் ஆடும், பாரம் இல்லாதது தோளிலேயே தெரிந்துவிடும்.

குறும்படம் எடுக்கிறம். ‘உத்தம புத்திரன்’ மாதிரி ஒரே ஆளை இரண்டு பேராக் காட்டவேணும். அந்தக் காலத்திலை எப்பிடிச் செய்தவை? ஃபோனிலை செய்ய ஏலுமோ? (சுன்னாகம்)

1958இல் கொம்பியூட்டர் கிடையாது. அந்தக் காலத்து வழக்கமான முறை இது: கமராவை அசையாமல் பூட்டி, வில்லையின் பாதியை மறைத்து ஒரு பாத்திரத்தை எடுப்பார்கள். பிறகு அதே ஃபிலிமைப் பின்னால் சுற்றி, மற்றப் பாதியை மறைத்து அடுத்த பாத்திரத்தை எடுப்பார்கள். நடுவில் கமரா ஒரு மயிரளவு ஆடினாலும் இரண்டு பாதியும் பொருந்தாது, சுவரில் ஒரு கோடு தெரியும். மற்றக் காட்சிகளில் முதுகு காட்டி நிற்கும் மாற்று ஆளை வைத்துச் சமாளிப்பார்கள்.

ஃபோனில் தாராளமாகச் செய்யலாம். முக்காலியில் வைத்து, குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிடுங்கள். பூட்டாவிட்டால் ஆள் மாறி நிற்கும்போது பின்னணியின் நிறம் மாறி, ஒட்டிய இடம் பளிச்சென்று தெரியும். வெயில் வெளிச்சத்தில் எடுத்தால் இரண்டு பகுதியையும் கால்மணித்தியாலத்துக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் நிழல் நகர்ந்துவிடும். சட்டகத்தின் நடுவில் ஒரு சாண் அகலத்தை வெறுமையாக விடுங்கள், கையும் நிழலும் அதைத் தாண்டக் கூடாது. எதிரே இல்லாத ஆளின் கண் இருக்கும் உயரத்தில் ஒரு தடியை நட்டு நாடா கட்டுங்கள். பெரும்பாலானோர் கோட்டைவிடுவது இங்கேதான்: நடிகர் வெறும் வெளியைப் பார்ப்பார், பார்வை மற்றவரின் தோளிலோ நெற்றியிலோ போய் முட்டும். எதிராளின் வசனத்தை யாராவது கமராவுக்குப் பின்னால் நின்று அதே வேகத்தில் வாசிக்கட்டும்.

இவ்வளவும் கருவி வேலை. ஒப்பனையை மாற்றினால் இரண்டு பேர் ஆகிவிடாது. ‘கௌரவம்’ (1973) படத்தில் பாரிஸ்டர் ரஜினிகாந்தும் கண்ணனும் ஒரே காட்சியில் மோதுவதைச் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாரிஸ்டரின் கழுத்து நிமிர்ந்தே இருக்கும், பைப் பிடித்த கை அவசரப்படாது. கண்ணன் நிற்கும் நிலையிலேயே ஒரு பணிவு. நடை, கை, பேச்சின் வேகம் மூன்றிலும் வித்தியாசம் வைத்தால் உங்கள் நடிகரும் இரண்டு பேராவார்.

சிவாஜியைப் பற்றி ஒப்படை எழுதுறம். எந்த விசயங்களிலை பிழை விடுறவை? (பருத்தித்துறை)

நல்ல கேள்வி. பிறந்தது 1928 ஒக்ரோபர் 1, காலமானது 2001 யூலை 21. அப்போது வயது 72 நிறைந்திருந்தது. 73 என்று எழுத வேண்டாம். வி.சி. கணேசனுக்குச் ‘சிவாஜி’ பட்டத்தைத் தந்தவர் பெரியார், அண்ணாதுரை எழுதிய நாடகத்தில் சத்ரபதி சிவாஜியாக நடித்ததைப் பார்த்துவிட்டு.

‘பராசக்தி’ 1952 ஒக்ரோபர் 17, தீபாவளிக்கு வந்த முதற்படம். இயக்கம் கிருஷ்ணன்–பஞ்சு, வசனம் மு. கருணாநிதி. சிவாஜியைத்தான் போட வேண்டும் என்று உறுதியாக நின்றவர் தயாரிப்பாளர் பி.ஏ. பெருமாள். அதில் சிவாஜிக்குப் பாடியவர் சி.எஸ். ஜெயராமன், ரி.எம். சௌந்தரராஜன் அல்ல. ரி.எம்.எஸ். அவருக்குப் பாடத் தொடங்கியது 1954இல், ‘தூக்குத் தூக்கி’யில்.

‘தெய்வமகன்’ (1969) ஒஸ்காருக்குப் ‘பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது’ என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். இந்தியா தன் சார்பில் அனுப்பிய படம் அது, இறுதி ஐந்தில் வரவில்லை. அனுப்பப்பட்டதே பெருமை, அதைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. தமிழில் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), கட்டபொம்மன் அல்ல. ‘ராஜராஜ சோழன்’ (1973) தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம்.

நூறாவது படத்தில் ஒரு சிக்கல். ‘நவராத்திரி’யும் ‘முரடன் முத்து’வும் 1964 நவம்பர் 3 என்ற ஒரே நாளில் வந்தன. நூறாவதாகச் சிவாஜி எடுத்துக்கொண்டது ஒன்பது வேடம் கட்டிய ‘நவராத்திரி’யை. ‘முரடன் முத்து’வை எடுத்த பந்துலுவுக்கு அது மனக்கசப்பானது, அடுத்து அவர் எம்.ஜி.ஆரை வைத்து ‘ஆயிரத்தில் ஒருவன்’ எடுத்தார். இருநூறாவது படம் ‘திரிசூலம்’, 1979.

விருதுகள்: கெய்ரோ ஆசிய–ஆபிரிக்கத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகர் 1960, பத்மஸ்ரீ 1966, பத்மபூஷண் 1984, பிரான்சின் செவாலியே 1995, தாதாசாகிப் பால்கே 1996. சிறந்த நடிகருக்கான இந்திய தேசிய விருது ஒருதரமும் அவருக்குக் கிடைக்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு இன்றும் மனம் பொறுக்குதில்லை.

யூரியூப்பிலை பாக்கேக்கை முகம் அகண்டு, குரல் கீச்செண்டு இருக்கு. ஏன்? (கொக்குவில்)

இரண்டு காரணம். பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் சட்டகம் ஏறத்தாழ 4:3. அகலத் திரையை நிரப்புவதற்காகச் சிலர் இழுத்து ஏற்றியிருப்பார்கள். தரவிறக்கிய கோப்பு அல்லது சீடி என்றால் விஎல்சி என்ற படம் ஓட்டும் மென்பொருளில் சட்டக விகிதத்தை 4:3 ஆக்குங்கள், முகம் சரியாகும். மேலும் கீழும் வெட்டி ஏற்றியிருந்தால் திருத்த வழியில்லை, வேறு பிரதி தேடுங்கள்.

குரலுக்குக் காரணம் வேகம். படம் செக்கனுக்கு 24 சட்டகமாக எடுக்கப்பட்டது, எங்கள் பக்கத்து ரீவி, வீடியோ முறை 25. அப்படியே மாற்றியதில் எல்லாமே நூற்றுக்கு 4 வேகமாகி, சுருதியும் ஏறிவிடும். 180 நிமிடப் படம் 173 நிமிடத்துக்குள் முடிந்தால் இதுதான் காரணம். வேகத்தை 0.96 ஆக்குங்கள். ஆனால் விஎல்சி சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்கும்படி வைக்கப்பட்டிருக்கும். அமைப்புகளில் ஒலிப் பகுதிக்குப் போய் அந்தத் தெரிவை எடுத்துவிட்டால்தான் குரலும் இறங்கும். மூச்சும் இடைவெளியும் படிக்கிற மாணவர்களுக்கு இந்த 4 பெரிய வித்தியாசம்.

‘கர்ணன்’ (1964) பார்ப்பதென்றால் 2012இல் புதுப்பித்து வெளியிட்ட பிரதியையே தேடுங்கள்.

இலங்கையோடை அவருக்கு என்ன தொடர்பு? (நல்லூர்)

இலங்கை–இந்தியக் கூட்டுத் தயாரிப்பான ‘பைலட் பிரேம்நாத்’ (1978) இங்கே எடுக்கப்பட்டது, மாலினி பொன்சேகா உடன் நடித்தார். சி.வி. ஸ்ரீதர் இயக்கிய ‘மோகனப் புன்னகை’யில் (1981) கீதா குமாரசிங்க. இரண்டுமே அவருடைய சிறந்த படங்களில் சேராது. எங்களுக்கு நெருக்கமான கதை என்றால் நான் ‘கப்பலோட்டிய தமிழன்’ (1961) படத்தையே சொல்வேன். வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல்கள் ஓடியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில்தானே.

அரசியலிலை ஏன் எடுபடேல்லை? (மானிப்பாய்)

தி.மு.க. மேடையில் வளர்ந்து, ஐம்பதுகளின் நடுவில் விலகி, காமராஜரோடு காங்கிரசில் நின்றார். 1982இல் ராஜ்யசபா உறுப்பினர். 1988இல் தமிழக முன்னேற்ற முன்னணி என்ற சொந்தக் கட்சி, 1989 தேர்தலில் திருவையாற்றில் தோல்வி. எம்.ஜி.ஆரின் படங்களில் பாத்திரமும் தலைவரும் ஒரே ஆளாகத் தெரிவார். சிவாஜியோ படத்துக்குப் படம் வேறு ஆளாக மாறிவிடுவார், குடிகாரன், துரோகி, தோற்றுப்போன அப்பன் என்று. நடிகனுக்கு அது பெருமை, வாக்குக் கேட்க உதவாது.

15 வயதுப் பிள்ளைக்கு மூண்டே மூண்டு படம் காட்டவேணுமெண்டால்? (உரும்பிராய்)

முதலில் ‘அந்த நாள்’. ஒரு கொலையை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் கதை, பாட்டில்லை, பிள்ளை எழும்பிப் போகாது. இரண்டாவது ‘தில்லானா மோகனாம்பாள்’. மனோரமாவும் நாகேசும் பிள்ளையைப் பிடித்து வைத்திருப்பார்கள், அதற்குள் சிக்கல் சண்முகசுந்தரத்தின் கோபமும் செருக்கும் பழகிவிடும். மூன்றாவது ‘தேவர் மகன்’ (1992). மழைக்குள்ளே கமல்ஹாசனோடு கதைக்கும் அந்தக் காட்சியில் தகப்பனின் குரல் எங்கே இறங்குகிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அதில் பெரிய தேவரின் தம்பியாக வரும் காக்கா ராதாகிருஷ்ணன், சிறுவயதில் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பனியில் சிவாஜியோடு வேடம் கட்டியவர். இரண்டு கிழவர்களும் எதிரெதிரே நிற்கும்போது கண்கள் பேசிக்கொள்வதைப் பிள்ளைக்குக் காட்டுங்கள். கட்டபொம்மனை அதற்குப் பிறகு போடுங்கள்.